சிவப்புத் துணி கட்டிய கட்டில்

எய்ட்ஸ் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்களே நாலடி தள்ளி நின்ற காலம் அது. ஹைதராபாத்தில் ஒரு பிரசவ வார்டுக்கு நான்தான் சிஸ்டர். ரத்தப் பரிசோதனையில் அந்தக் கிருமி தெரிந்துவிட்டால், பழைய கம்பளியில் கிழித்த சிவப்புத் துணியைக் கட்டில் கம்பியில் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டிலுக்குப் போக ஒன்றுக்கு இரண்டாகக் கையுறை. பக்கத்துக் கட்டிலில், பரிசோதனையே செய்யாத ரத்தத்தை வெறுங்கையால் துடைப்பார்கள். இந்தக் கூத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த தமிழ்ப் பெண் ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் கட்டிலில் மட்டும் துணி. விஷயம் அவளுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் கணவனுக்கும்தான் தெரியும். அவர்கள் காலனியில் பிள்ளை பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையே கிளம்பி வந்துவிடும். முந்தின நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு மட்டும் ஏன் துணின்னு மாமியார் கேப்பாங்க சிஸ்டர். தெரிஞ்சா என்னையும் பிள்ளையையும் வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க."

பெரிய டாக்டரம்மாவிடம் போனேன். ஊழியர்களின் பாதுகாப்பு முக்கியம், அவிழ்க்கக் கூடாது என்றார். சரி, அவிழ்க்கவில்லை. மிச்சமிருந்த கம்பளியைக் கிழித்து எல்லாக் கட்டிலிலும் கட்டினேன். ரவுண்ட்ஸ் வந்தவர் திகைத்து நின்றார். எந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது, இனி எல்லோருக்கும் கையுறைதான் என்றேன். கையுறைகளைக் கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு, மறுபடி அவித்தெடுக்கும் வேலை கூடும் என்று மட்டும் சொன்னார். கூடட்டும் என்றேன்.

ஞாயிறன்று கூட்டம் வந்தது. மாமியார் கண்ணில் முதலில் பட்டதே துணிதான்.

"இது கைக்கு சிஸ்டர்?" எதுக்கு என்பதை ஹைதராபாத் உருதுவில் கேட்டார்.

"ரத்தத்தத் தொடுறப்போ கையுறை போடணும்னு எங்களுக்கு ஞாபகப்படுத்தத்தாம்மா. எல்லாக் கட்டில்லயும் இருக்கு பாருங்க."

பொய் ஒன்றும் இல்லை. அவர் வார்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, அன்று காலை வார்டு ஓரத்தில் கூடுதலாகப் போட்ட கட்டிலில் சேர்ந்த ஒருத்தியின் கணவர் சண்டைக்கு வந்தார். எல்லோருக்கும் கட்டியிருக்கிறீர்கள், என் மனைவி மட்டும் என்ன இளப்பமா என்று தெலுங்கில் கேட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கம்பளி தீர்ந்துவிட்டது, நாளைக்குக் கட்டுகிறேன் என்றேன். அவர் விடுவதாக இல்லை.

லாலாகுடாப் பெண் மெல்ல எழுந்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் கட்டில் துணியை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள்.

"இத அவங்களுக்குக் கட்டுங்க சிஸ்டர்."

வாங்கிக் கட்டினேன். கையுறை எல்லோருக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. ஆனால் அவள் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும்வரை, அந்த வார்டில் துணி கட்டாத ஒரே கட்டில் அவளுடையதாகத்தான் இருந்தது.