வாதி தரப்பில் ஒருத்தி

எங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனி மேல் வழக்குப் போட்டபோது, அந்தப் பிராதை டைப் அடித்தவள் நான்தான். பழைய துறைமுகத்தை ஒட்டிய உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கி யாருக்குச் சொந்தம் என்பதுதான் தகராறு. கேஸ் சில மாதம் நடந்த பிறகு, முடிவு தெரியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று கோர்ட்டு அதைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டது. அந்தக் கிட்டங்கியின் முன்னறைதான் எங்கள் ஆபீஸ். என் டைப்ரைட்டரும் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் வாசலிலேயே நிறுத்தி, "கேஸ் முடிஞ்சதும் தொறந்திருவோம். எங்கயும் போயிராதீங்க" என்றார். மற்ற இரண்டு பேரும் மறுவாரமே வேறு இடம் தேடிக்கொண்டார்கள். நான் மட்டும் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரி.

நான் நாசரேத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தூத்துக்குடியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஆபீஸ் இருந்தவரை நாள் முழுக்க யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கடிதத்தை அடி, அந்த ஃபைலை எடு, காப்பி வந்தாச்சு. எரிச்சலாகத்தான் இருக்கும். பூட்டிய பிறகுதான் தெரிந்தது, ஒரு முழு நாள் என் பேரை யாரும் சொல்லாமலே போய்விட முடியும் என்று. விடுதியில் சாப்பாட்டு மணிதான் அடிப்பார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தனிமை என்று அதற்குப் பேர் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது தனிமைதான்.

அந்தச் சமயத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆபீசுக்கு டைப்பிஸ்ட் வேண்டும், அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் போடு என்று எழுதியிருந்தார்கள். போனால் அண்ணன் வீட்டில், அண்ணி முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும். போகாவிட்டால் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் முடிவு செய்துவிடலாம். மேனேஜரைக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "நல்லாப் போவுதும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை மிதித்தார்.

இத்தனை மாதமும் நான் செய்த முட்டாள்தனம் இதுதான். கம்பெனி கேஸ் கம்பெனிக்குத்தான் தெரியும், நாம் போய்க் கேட்பது தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக் காகிதங்களை அடித்துக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினவள் வேறெப்படி நினைப்பாள்? ஒரு நாள் துணிந்து சப் கோர்ட்டுக்கே போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன்.

"டீச்சரம்மாவுக்கு யாரு மேல கேசு?" என்றார். நாசரேத்துப் பக்கம் வீட்டுக்கு ஒரு டீச்சர் உண்டு, அதனால் எங்கள் ஊர்ப் பெண்ணைப் பார்த்தாலே டீச்சர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"நான் டீச்சர் இல்ல அண்ணாச்சி. எனக்குக் கேசும் இல்ல. எங்க கம்பெனி கேசு எங்கன நிக்குன்னு பாக்கணும். பாக்க விடுவாங்களா?"

அவர் சிரித்தார். "இதுல என்ன ஒளிவுமறைவு? அந்தா, வராண்டாப் பலகையில தெனமும் காலைல லிஸ்டு ஒட்டுதான். காக்கா கூடப் பாக்கலாம். ஆனா அதுல கம்பெனி பேரு இருக்காது, நம்பருதான் இருக்கும். நம்பரு தெரியுமா?"

தெரியவில்லை. அந்த நம்பரை வக்கீலுக்குப் போன ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் நானே அடித்திருக்கிறேன். விரலுக்குத்தான் தெரியும், தலையில் ஏறவில்லை.

பாதி தேய்ந்த கார்பன் தாளை வீட்டுக்கு எடுத்துப்போவது டைப்பிஸ்டுகளின் பிறவிக் குணம். என் டிரங்குப் பெட்டியிலும் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொன்றாக ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கடிதத்தின் மேல் கடிதம் விழுந்து எல்லா வரிகளும் குழம்பிக் கிடந்தன. மேலே, எப்போதும் ஒரே இடத்தில் அடித்த கேஸ் நம்பர் மட்டும் துளை துளையாக வெளிச்சம் விட்டுக்கொண்டு பளிச்சென்று தெரிந்தது. எழுதி எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பலகையைப் பார்ப்பது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. மூன்று தடவை நம்பர் வந்தது, மூன்று தடவையும் வாய்தா. கோர்ட்டுக்கு யாரும் தனியாக வருவதில்லை. எதிராளியாவது கூட இருப்பான். நான்தான் எதிராளிகூட இல்லாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது வாய்தா மாதம் பிறந்து இரண்டாம் நாள் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இரண்டே நாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கெடு முடிந்த மறுநாளே அந்த இடத்துக்கு வேறு ஒருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

நாலாவது வாய்தாவுக்குச் சலவைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். டவாலி வாசலில் நின்று எங்கள் கம்பெனியின் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. எதிர்க் கம்பெனியைக் கூப்பிட்டான். அவர்களும் இல்லை. வக்கீல்கள் இருவரையும் காணோம். இரண்டாம் தடவை எங்கள் பேரைக் கூப்பிட்டபோது நான் வராண்டாவைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். நான் நின்றது எனக்கே தெரியாது.

டவாலி பக்கத்தில் வந்து, "என்னம்மா, வாதி தரப்பா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்ல. சும்மா பாக்க வந்தேன்" என்றேன்.

வாதி ஆஜராகாததால் வழக்குத் தள்ளுபடி. கோர்ட்டு டைப்ரைட்டர் சத்தத்தைக் கேட்டேன். இரண்டே வரி.

வெளியே வந்ததும் அதே குமாஸ்தா, "ரெண்டு மொதலாளியும் ராசியாயாச்சே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். "சேந்து புதுத் துறைமுகத்துல எடம் பிடிச்சிருக்காங்க. ஆபீசு தொறந்து ஒரு மாசம் ஆவுது. அங்கன புது ஆளுங்கதான்."

"தெரியாது அண்ணாச்சி" என்றேன். பலகையில் இதையெல்லாம் ஒட்டமாட்டார்கள்.

அன்று மத்தியானம் முழுக்க விடுதி அறையில் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க யாரும் வரவில்லை. அவ்வளவு பெரிய கோர்ட்டில் மூன்று தடவை கூப்பிட்டார்கள், அதற்கு எழுந்து நின்றது நான் ஒருத்திதான். அந்தக் கம்பெனியில் நான் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.