மாமனார் நுழையாத ஜிப்பா

எனக்கு அஞ்சாம் கிளாஸ் வரைதான் படிப்பு. எழுதினால் வரி கோணலாகப் போகும், சொல்ல வந்ததில் பாதி மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளணும். தையல் கோணினால் பிரித்துத் தைப்பேன். எழுத்தை அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை.

கல்யாணமாகி நான் ஸ்ரீரங்கம் வந்தது அம்பதுகளின் கடைசியில். பாலக்கரையில் இருந்த என் அண்ணா எனக்குச் சீராகக் கொடுத்தது ஒரு கால் தையல் மிஷின். வெண்கலப் பானையாக வந்திருந்தால் மாமியாருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். மாமனார் காலையில் பாசுரம் சேவிப்பார், சாயங்காலமும் சேவிப்பார், நடுவில் தூங்குவார். நான் எப்போது மிதித்தாலும் ஏதாவது ஒன்றுக்கு இடைஞ்சல்.

அவர் என்னிடம் நேராகப் பேச மாட்டார். மாமியாரிடம் சொல்லுவார், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்ளணும். ஒரு நாள், "அந்த ரயில் வண்டியை அவ அண்ணா ஆத்துக்கே அனுப்பிடலாமே" என்றார். புது வீட்டில் எனக்கு வாயே திறக்காது. மிஷின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பட்டணத்து நாத்தனார் சொல்லி அனுப்பினாள். குழந்தைக்கு ஆண்டு நிறைவு, மாப்பிள்ளையின் ஆபீசர் வருகிறார், அப்பா ஜிப்பா போட்டுக்கொண்டு வரட்டும் என்று. மாமனார் அதுவரை சட்டையே போட்டதில்லை. வேஷ்டியும் அங்கவஸ்திரமும்தான். "ஜிப்பாவாமே" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர், கடைசியில், "அவளையே தைக்கச் சொல்லு. சரியா வந்தா மிஷின் இருக்கட்டும். இல்லேன்னா பாலக்கரைக்குப் போகட்டும்" என்றார்.

மாமனாரை நான் அளக்க முடியாது. ஆத்துக்காரருக்கோ அப்பா என்றால் பயம். மாமியார் அளக்கிறேன் என்றாள், ஆனால் டேப்பைத் தொட மாட்டாள்.

"எத்தனை பேர் தொட்டதோ. மடியோட இருக்கறவா மேல அதைச் சுத்துவாளா?"

பூத் தொடுக்க நனைத்து வைத்திருந்த வாழைநாரை எடுத்தாள். தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என்று அளந்த இடத்தில் நறுக்கினாள். எது எதுவென்று எனக்குச் சொல்லி, கொடியில் போட்டுவிட்டுத் தளிகை பண்ண அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் எடுக்கப் போனபோது ஒரு நார் குறைந்தது.

"அம்மா, அப்பாவோட மார்பு இங்கதானே தொங்கிண்டிருந்தது" என்றேன்.

மாமியார் பெருமாள் பக்கம் பார்த்தாள். அவர் கழுத்தில் புதுத் துளசி மாலை. "இன்னிக்குத் துளசி ஜாஸ்தி, நார் போறலை. நாளைக்கு மாலையைக் களையறச்சே தரேன், அளந்துக்கோ."

"இன்னொரு தரம் அளந்தா..."

"அவர் ஒரு தரம் கையைத் தூக்கிண்டு நின்னதுக்கே எனக்கு எத்தனை பாட்டு விழுந்தது தெரியுமோ?"

மறுநாள் களைந்த துளசி மாலை என் கைக்கு வந்தது. துளசியோடு அப்படியே நீட்டி அளந்தேன். தொடுக்கத் தொடுக்க நார் சுற்றிக்கொண்டு நீளம் குறைந்துவிடும் என்பது பூத் தொடுக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அன்றைக்குத் தோன்றவில்லை. துணி வெட்டும்போது ஜிப்பா ஒல்லியாகத்தான் தெரிந்தது. ஆனால் மாமனாரை நான் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. பாதத்தைக் காட்டினால் அவருடையது என்று அடையாளம் சொல்லுவேன். மார்பு எவ்வளவு அகலமென்று எனக்கெப்படித் தெரியும்? தைத்து முடித்ததை மாமியார் நனைத்து உலர்த்தி மடியாக்கினாள். அதில் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

மாமனார் கையை மேலே தூக்கி ஜிப்பாவுக்குள் நுழைந்தார். கை ரெண்டும் வெளியே வந்தது, தலை வரவில்லை.

"நெளியாதீங்கோ, துணி கிழிஞ்சுடும்" என்றாள் மாமியார்.

"துணியைப் பத்திக் கவலைப்படறியே, உள்ள நான் இருக்கேண்டி" என்று குரல் மட்டும் வந்தது.

உருவி எடுத்த பிறகு அவர் ஒன்றும் கத்தவில்லை. "பாலக்கரைக்குச் சொல்லி அனுப்பு" என்றார், அவ்வளவுதான்.

மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது அந்த ஜிப்பாவை எடுத்தேன். நல்ல துணி, வீணாகப் போக மனசில்லை. அக்குளை ஒட்டி வெட்டினேன், அடியை மூடினேன், கைத்துணியை மடித்துப் பிடியாக வைத்தேன். மிஷினை மிதிக்கப் பயந்து எல்லாம் கைத்தையல். நெஞ்சுப் பாக்கெட் மட்டும் பையின் வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. காய்கறிப் பை தொங்குகிற ஆணியில் மாட்டிவிட்டு, அழுது முகம் கழுவிக்கொண்டேன்.

மாமனார் காலையில் பழக்கத்தில் அதை எடுத்துக்கொண்டு வாழைப்பூ வாங்கப் போனார். அவருடைய பொடி டப்பா எப்போதும் இடுப்பில் இருக்கும். நடக்க நடக்க நழுவி விழும், குனிந்து தேடுவார். அன்றைக்குத் திரும்பி வந்தவர் இடுப்பைத் தொடவே இல்லை. பையிலிருந்த பாக்கெட்டுக்குள் விரலை விட்டு டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். அப்புறம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அந்த ஜிப்பாதானே?"

"ஆமாம். இப்பவாவது உங்க கைக்கு அடங்கித்தே" என்றாள் மாமியார்.

மாமனார் டப்பாவைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டு, பிடியை இழுத்துப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கைத்தையல் எத்தனை நாள் தாங்கும்? பிடிக்கு மிஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டச் சொல்லு. மிஷினும் இருட்டுல கிடக்கு, ஜன்னலோரமா நகர்த்திப் போடுங்கோ."

பட்டணத்துக்கு அங்கவஸ்திரத்தோடும் அந்தப் பையோடும்தான் போனார்.

பாக்கெட்டுக்கு ஒரு பொத்தான் இருந்ததா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. போனது ஆண்டு நிறைவுக்கா, காதுகுத்துக்கா என்பதும் சந்தேகம்தான். பட்டணத்து நாத்தனார் இதைப் படித்தால் தப்பைத் திருத்திச் சொல்லட்டும். பை அவள் வீட்டில்தான் தங்கிவிட்டது.