மொட்டையனுக்கு என்ன முறை?

செல்லக்கிளி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் தப்ப முடியாது. எந்த ஊர், யார் வீடு என்று ஆரம்பிப்பாள். திருச்சுழியில் ஏறிய பஸ் அருப்புக்கோட்டை வந்து சேர்வதற்குள் அவரைத் தனக்குச் சித்தப்பாவாகவோ மதினியாகவோ ஆக்கிவிடுவாள். முறை தெரியாத மனுசரோடு எப்படித்தான் பேசுகிறார்கள் என்பது அவளுக்கு விளங்காத விஷயம்.

அவள் புருஷன் காளீஸ்வரன் அருப்புக்கோட்டையில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் தம்பி தவசி, தொண்ணூற்று மூன்றில் லீவுக்கு வந்தபோது டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கார் ஓட்டுவது, துப்பாக்கியால் சுடுவது என்று இருந்த கேசட்டுகளையெல்லாம் பையன்கள் போட்டி போட்டு எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு கேசட் மட்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதில் அத்தனையும் ஜப்பான் எழுத்து. நாலு பேர் ஊர் ஊராக நடக்கிறார்கள், வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் பேசுகிறார்கள், நடுநடுவே பூதங்களோடு சண்டை போடுகிறார்கள்.

மத்தியான வெயிலில் கடைக்கு ஈ காக்காய் வராது. அந்த நேரத்தில் செல்லக்கிளி அதைப் போட்டாள். கதவு எங்கே இருக்கிறது, யாரிடம் பேசினால் வழி திறக்கிறது என்று தட்டுத் தடுமாறிப் பழகிக்கொண்டாள். எழுத்துத்தான் புரியவில்லையே தவிர, ஆட்கள் புரிந்துவிட்டார்கள். கத்தி வைத்திருந்த பையன் ராசு. வெள்ளை உடுப்பில் காயத்துக்கு மருந்து போடுகிறவள் மல்லிகா, அவனுடைய முறைப்பெண். கையிலிருந்து நெருப்பு விடும் குட்டிப் பெண்ணுக்குப் பட்டாசு என்று பேர். கோடாலி தூக்கிக்கொண்டு கடைசியில் நடக்கும் தடித்த ஆள் மொட்டையன், மல்லிகாவின் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் வயசுப் பெண்ணை யார் இப்படிக் காடு மலையெல்லாம் அனுப்புவார்கள்?

பக்கத்துக் கடையில் ஜாக்கெட் தைக்கும் பாண்டீஸ்வரி, காஜா எடுக்கிற வேலையைக் கையோடு கொண்டுவந்து உட்கார்ந்துகொள்வாள். செல்லக்கிளி கதை சொல்லிக்கொண்டே ஆடுவாள்.

பாதிக் கதையில் ஒரு தொங்குபாலம் வரும். துரத்தி வரும் சிப்பாய்களை மறிக்க மொட்டையன் மட்டும் பின்தங்கி நிற்பான். பாலம் அறுந்து அவனும் போய்விடுவான். அன்றைக்குக் கடைக்குள் வந்த காளீஸ்வரன், அவள் அழுவதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஏம்மா, ஊருல யாருக்கும் எதுவுமா?"

"மல்லிகாவோட மாமா போயிட்டாக" என்று சொல்லி மறுபடி அழுதாள். எந்த மல்லிகா என்று தெரியாமல் அவரும் கொஞ்ச நேரம் முகத்தைத் தொங்கப் போட்டு நின்றார்.

தொண்ணூற்று ஒன்பதில் தவசி மறுபடி வந்தான். இந்தத் தடவை சிடி போடுகிற புது மிஷின்.

"யக்கா, ஒன் பழைய கேமைப் புதுசா எடுத்திருக்கான். இங்கிலீஷ்ல எழுத்தும் போட்டிருக்கான்."

போட்டதும் செல்லக்கிளிக்கு வாயடைத்துப் போயிற்று. பழையதில் ஆள் கட்டைவிரல் அளவு, முகத்துக்கு மூன்று புள்ளி. இப்போது முகத்தில் பாதி கண்ணாக இருந்தது. ராசுவுக்கு நீல முடி, காற்றடிக்காமலே பறந்தது. வரிசையில் நின்று மாற்றி மாற்றி அடித்தவர்கள் இப்போது பனைமர உயரம் எகிறிக் குதித்தார்கள். பட்டாசுக்குக் கீச்சுக்குரல், வாயை மூடுவதே இல்லை. மல்லிகாவின் உடுப்பு முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

"துணி பத்தலையாக்கும். எங்கிட்டக் குடுத்திருந்தா முழுசாத் தச்சிருப்பேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

மொட்டையன்தான் அதிகம் மாறவில்லை. கன்னத்தில் ஒரு தழும்பும் நரைத்த தாடியும் புதிது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. எப்போதாவதுதான் பேசினான். அவனைப் பார்த்ததும் செல்லக்கிளி, வெகுநாள் கழித்து வந்த விருந்தாளியைப் பார்த்தது போல, "வாங்க மாமா" என்றே சொல்லிவிட்டாள்.

பாண்டீஸ்வரியின் மகள் ரோஷினி காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷைப் படித்துச் சொல்ல அவளைக் கூட்டி வந்தார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அத்தே, இவுக ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி."

"யாரு?"

"ராசுவும் மல்லிகாவும்."

பாண்டீஸ்வரி கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டாள். "அடியாத்தீ! இத்தன வருசமா அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தோம்?"

அதோடு நிற்கவில்லை. குட்டிப் பெண் பட்டாசுக்கு வயது முந்நூறு. மொட்டையன் தாய்மாமனே இல்லை. ராஜாவிடம் சிப்பாயாக இருந்தபோது, அண்ணன் தங்கச்சி இரண்டு பேருடைய ஊரையும் கொளுத்தியவனே அவன்தான். செய்தது மனசு பொறுக்காமல்தான், உண்மையைச் சொல்லாமலே அவர்கள் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

செல்லக்கிளி மிஷினை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. நெருங்கிய சொந்தத்தில் யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி உம்மென்று இருந்தாள். காளீஸ்வரன்தான் கடைசியில் கேட்டார்.

"அந்த ஆளு பின்னாடியே வந்தது மட்டும் பொய்யா?"

மறுநாள் மத்தியானம் அவள் முதலிலிருந்து ஆட ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவள் கண் மொட்டையனை விட்டு நகரவில்லை. மற்ற மூன்று பேரும் தீ மூட்டிக் குளிர்காயும்போது அவன் எட்டத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மல்லிகா மருந்து போட வந்தால் கையை இழுத்துக்கொண்டான். பழையதிலும் இப்படித்தான் இருந்தானோ, நாம்தான் கவனிக்கவில்லையோ என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

பாலம் வந்தது. அங்கே பழைய கேசட்டில் இல்லாத ஒன்று வந்தது. மொட்டையன் உண்மையை ஒப்புக்கொண்டான். திரையில் இரண்டு வரி நின்றது.

"இவரை விட்டுட்டுப் போகவா, கையப் புடிச்சு இழுக்கவான்னு கேக்குது அத்தே" என்றாள் ரோஷினி.

"விட்டுரு கிளி" என்றாள் பாண்டீஸ்வரி. "ஊரக் கொளுத்துனவன். எரிஞ்சவுக வயிறு சும்மா இருக்குமா?"

"சரிதான் மதினி. நீங்க சொல்றது சரிதான்" என்றாள் செல்லக்கிளி. வெகுநேரம் பட்டனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு இழுத்துவிட்டாள்.

பாண்டீஸ்வரி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பிழைத்த மொட்டையனால் சண்டையில் பெரிய உபகாரம் ஒன்றுமில்லை. கை உடைந்திருந்தது, கோடாலியை ஓங்க நேரமாயிற்று. அவனைக் காப்பாற்றிக் காப்பாற்றியே மருந்தெல்லாம் தீர்ந்தது. செல்லக்கிளி சலித்துக்கொள்ளாமல் ஆடினாள்.

தீபாவளிக்கு முன்னால் ஆட்டம் முடிந்தது. ராசுவும் மல்லிகாவும் திரும்பக் கட்டிய ஊருக்குள் போகிறார்கள். மொட்டையன் ஊர் எல்லையில் ஒரு வேலியோரம் நிற்கிறான். அப்படியே திரை கறுத்துப்போய்ப் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பெயர்கள் முடிந்த பிறகும் செல்லக்கிளியும் ரோஷினியும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேறொன்றும் வரவில்லை.

சாயங்காலம் தையல் கடைக்குப் போனார்கள். பாண்டீஸ்வரி தீபாவளி ஜாக்கெட்டுகளின் நடுவில், தலையைத் தூக்காமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ரோஷினி பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு நறுக்கினாள்.

"அந்த மொட்டப்பய என்ன ஆனான்?" என்று பாண்டீஸ்வரி தானாகவே கேட்டாள்.

"ஊருக்கு வெளிய நின்னாக. உள்ள வரக் கூசிக்கிட்டு நின்னாக."

"நிக்கட்டும்."

"மல்லிகா திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணி குடுத்துச்சு."

ரோஷினி நிமிர்ந்து செல்லக்கிளியைப் பார்த்தாள். தையல் மிஷின் நின்றிருந்தது.

"தண்ணி மட்டுமா?" என்றாள் பாண்டீஸ்வரி.

"சோறும் போட்டாகம்மா" என்றாள் ரோஷினி.