நிமிஷத்துக்கு ஒரு கோடு

மாடு குறுக்கே நின்றாலும் நல்லதம்பியின் பென்சில் நிற்காது. மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிய காலண்டர் தாளில் ஒரு புள்ளி வைப்பான். அது சைபர். ஆட்டோ ஓடினால் நிமிஷத்துக்கு ஒரு கோடு. வேக முள் நாற்பதில் இருந்தால் உயரக் கோடு, பத்தில் இருந்தால் குட்டைக் கோடு.

என் சித்தப்பா மகன். அவன் வண்டியில் கிலோமீட்டர் எண் செத்து இரண்டு வருஷம். முள் மட்டும் ஆடுகிறது.

"முள்ளு போதும்ணே. அறுபதுல ஒரு நிமிஷம் போனா ஒரு கிலோமீட்டரு, முப்பதுன்னா அரை. எல்லாக் கோட்டையும் கூட்டுங்க, தூரம் வந்துரும்."

அவன் மகள் கார்த்திகாவின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பாம்புபோல நெளிந்த குறி ஒன்று உண்டு. அதற்கு இவ்வளவுதான் அர்த்தமாம். கோட்டை நெருக்கிப் போடப் போடக் கணக்கு சரியாக வருமாம்.

முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவன் நான். எந்த இடம் எத்தனை தூரம் என்று கேட்க எங்கள் ஊர் புரோத்ராபூரே என் வாசலுக்குத்தான் வரும். இப்போது அவனிடம் போகிறது. சித்தப்பா கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து இறங்கியபோது இவன் கைப்பிள்ளை. என் சட்டையில்தான் வாந்தி எடுத்தான். அதை எவனும் கேட்பதில்லை.

ஜங்லிகாட் மெக்கானிக் அப்துல் குத்தூஸ் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனை தூரம் என்று ஒருநாள் பந்தயம். நாற்பதில் கால் மணி நேரம், பத்து என்றேன் நான்.

"தீக் ஹை, சரி, பைக்ல பின்னாடியே வர்றேன். என் மீட்டர் பொய் சொல்லாது" என்றார் குத்தூஸ்.

வந்து இறங்கியதும் நல்லதம்பி கோடுகளைக் கூட்டி ஏழு என்றான். பைக்கிலும் ஏழு.

"டாப் ஸ்பீடை வெச்சுப் பெருக்கிட்டீங்களேண்ணே. மாட்டுக்கு நின்னதை எங்க போட்டீங்க?"

"சாச்சா மாட்டு மேலயே பறந்து வந்துட்டாரு!" என்று என்னைக் காட்டிச் சிரித்தார் குத்தூஸ்.

எனக்கு வயிறு எரிந்தது. திரும்பி வந்தால் வேகம் மைனஸ் என்று கார்த்திகா படித்தது காதில் கிடந்தது. அதை எடுத்து விட்டேன்.

"கடைக்குப் போனது ஏழு, திரும்பி வந்தது மைனஸ் ஏழு. கூட்டினா சைபர். அப்ப பெட்ரோல் எங்கடா போச்சு?"

பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையிலேயே தாளோடு வந்துவிட்டான். திரும்பி வந்த கோடுகள் தலைகீழாகத் தொங்கின.

"கிளம்பின இடத்துக்கே வந்துட்டோம்ல, அதான் சைபர். ஓடின தூரம் வேணும்னா கவுந்ததை நிமித்திக் கூட்டணும். கார்த்திகாவே திணறிப்போச்சு. நல்லா மடக்கினீங்கண்ணே!"

பாராட்டுகிறான்! இன்னும் எரிந்தது.

நேற்று பத்துபஸ்தியில் என் கொழுந்தியாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். தாள் நிறையக் கோடு. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"எத்தனைண்ணே இருக்கும்?"

"அஞ்சு."

தாளின் தலையில் ஐந்து என்று எழுதினான். கோடுகளைக் கூட்டாமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.