செல்வி அக்காவின் ஆட்டைப் பார்க்க முதலில் வந்தவர்

அணைக்கட்டு ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு செல்வி அக்காவின் ஆடு காலையிலிருந்து இரை எடுக்கவில்லை.

கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்தோம். "டாக்டர் கேம்ப்புக்குப் போய்ட்டாரு. வியாழக்கெழம வாங்க."

அக்கா ஆட்டின் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

பத்தே நிமிடத்தில் பைக்கில் ஒருவர் வந்தார். ஆட்டைத் தடவினார். முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"இன்னா டாக்டர், பொழைச்சிக்குமா?"

"டாக்டர் இல்லம்மா. தோல் வாங்க வந்தேன்."

"அது இன்னும் உசுரோட இருக்குண்ணே!"

"தெரியுது. ஆனா உண்ணி ஜாஸ்தி. தோலு பாழாய்டும், இன்னிக்கே மருந்து போடுங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்."

போட்டோம். சாயங்காலம் ஆடு தழை தின்றது. முதலில் அவருக்குத்தான் போன் செய்தோம்.

"சந்தோஷம்மா" என்றார், துக்க வீட்டுக் குரலில்.

உங்கள் ஊரில் ஆடு படுத்தால் முதலில் வருவது யார்?