சாரல் குறிக்காத அட்டைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் அலுவலகம் இருந்தது. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சை அளந்து, பல நாடுகள் பகிர்ந்துகொள்ளும் பொதுத் தொகுப்புக்கு அனுப்புவோம். ஓர் அளவுக்கு ஓர் அட்டை. எல்லா நாட்டு அட்டையிலும் ஒரே கட்டங்கள்: இடம், தரை, கருவியின் உயரம், மழை. மழையில் கருவி கூடுதலாகக் காட்டும். அதனால் அந்தக் கட்டத்தை விடவே கூடாது.

அளப்பவர் என்னோடு கல்லூரியில் படித்த நண்பர். அட்டை எழுதுவது நான். கட்டங்களை வகுத்ததில் பாதி என் யோசனை. ஆனாலும் முதல் அறிக்கையில் என் பெயரை அடித்துவிட்டார். கேட்டதற்கு, அலுவலகத்துக்கு வந்திருந்த விருந்தினர்கள் முன்னால் சிரித்தார்.

"கையெழுத்து நல்லாருக்குன்னு பேரு போட முடியுமா வே? அப்போ டீ வாங்கிட்டு வாரவன் பேரையும்லா போடணும்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து காத்திருந்தேன்.

ஆனியில் குற்றாலத்தில் அளந்துவிட்டுத் தொப்பலாக வந்தார். நோட்டில் பென்சில் எழுத்து பாதி அழிந்திருந்தது. தலையைத் துவட்டியபடியே எண்களைச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் மழைன்னு போட்டுக்கிடும். சாரல் விடவே இல்ல."

"போடுதேன்" என்றேன். போடவில்லை. பதினோரு அட்டையிலும் மழை இல்லை என்று எழுதினேன். அவர் வழக்கம்போல் படிக்காமல் கையொப்பமிட்டார். அன்று இரண்டு பிளேட் அல்வா தின்றேன்.

மழையில்லாமல் எண்கள் இவ்வளவு கூடுதலா என்று தொகுப்பை நடத்தும் வெளிநாட்டு ஆய்வகம் கேட்டது. அதே இடங்களைப் பங்குனி வெயிலில் வேறொருவர் அளந்தபோது குறைவாகவே வந்தது. விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம், "மழைன்னு சொன்னாரா?" என்றார். நண்பர் என் முகத்தையே பார்த்தார். அந்தக் கெஞ்சல் எனக்கு இனித்தது.

"சொல்லல சார். குத்தாலத்துல சீசன் பொய்க்கிற நாளும் உண்டு."

பொய்க் கணக்கு எழுதினார் என்று அவரை விலக்கினார்கள். செங்கோட்டையில் ரயிலேற்றிவிடப் போனபோது கேட்டார்: "ஒரு பேருக்காகவா வே?"

அடுத்த அறிக்கையில் என் பெயர் வந்தது.

தவறான அளவுகளைத் திரும்பப் பெற ஒரு திருத்த அட்டை உண்டு. அதை வகுத்தவனும் நான்தான். கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். ஓய்வு பெறும்வரை மேசை இழுப்பறையில் பதினொன்று வைத்திருந்தேன். அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. அவர் இறந்த செய்தி வந்த பிறகுதான் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.