றபீக்கா ராத்தாவுக்குப் பிழை சொன்ன நாள்

சாய்ந்தமருதில் அபாயா தைத்துக் கொடுக்கும் அக்கா வயதுள்ள றபீக்கா ராத்தாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் எங்கள் புகைப்படக் குழுவில் கிடையாது. நானும் பயந்தவன்தான். ஆனால் அவர் வராத வெள்ளிக்கிழமை எனக்கு உப்பில்லாத கறி மாதிரி இருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்முனை பஸாரில் எனக்குப் போன் திருத்தும் கடை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அசறு தொழுதுவிட்டு, கடையின் மேல்மாடியில் படம் பிடிக்கிற பைத்தியங்கள் கொஞ்சப் பேர் கூடுவோம். அவரவர் எடுத்த படத்தை என் பெரிய டிவியில் போட்டு, நல்லது கெட்டது பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நல்லது மட்டும்தான் பேசினோம். எந்தப் படம் வந்தாலும் "மாஷா அல்லாஹ்" என்போம். கண்ணூறு படாமலிருக்கச் சொல்கிற வார்த்தை அது. எங்கள் கூட்டத்தில் பிழை சொல்லாமல் தப்பிக்கிற வழியாகவும் ஆகிவிட்டது. நற்பிட்டிமுனையிலிருந்து வரும் குணம் அண்ணன்கூட, நெற்றி நிறையத் திருநீற்றோடு, எங்களைவிட அழகாக மாஷா அல்லாஹ் சொல்லப் பழகியிருந்தார்.

இந்தச் சுகத்தைக் கெடுக்கத்தான் ராத்தா வந்து சேர்ந்தார். கட்டாரில் வாகனம் ஓட்டும் கணவர் லீவில் வந்தபோது கொண்டுவந்த கமெராவைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முதல் நாளே என் கடற்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ். தம்பி நிப்றாஸ், வானம் ரெண்டு முழம் மிச்சமாக் கிடக்கு. வெட்டிப் போட்டா என்ன?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவு வீட்டில் வெட்டிப் பார்த்தேன். படம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

குணம் அண்ணனுக்குச் சொறிக்கல்முனையில் வயல். எடுப்பதெல்லாம் மாடும் கொக்கும்தான். அவரையும் ராத்தா விடவில்லை. "அண்ணன், உங்கட மாடெல்லாம் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் போகுது. முன்னுக்குப் போய் நிக்கப் பயமா?" அண்ணனின் முகம் சுண்டிப் போனது. இனி வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த வாரம் முழங்கால்வரை காய்ந்த சேற்றோடு, நேரே வயலிலிருந்து வந்தார். டிவியில் ஓர் எருமை எங்களைக் கண்ணுக்குக் கண் பார்த்தது. ராத்தா கைதட்டி, "இதுதான் மாடு!" என்றார். அன்று எல்லோருக்கும் பிளேன்டீயும் வடையும் அண்ணனின் கணக்கில்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. முதலில் மாஷா அல்லாஹ், பிறகு ஒரு பிழை. பிழை சொல்கிறவர் திருத்துகிற வழியையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் எல்லோருக்கும் பொது, ராத்தாவைத் தவிர. அவருடைய படங்களுக்கு மாஷா அல்லாஹ்வோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு பெண்ணின் மனதை நோகடிக்கக் கூடாது என்று பெரிய மனிதர்கள் போலக் காரணம் சொன்னோம். உண்மை வேறு. எங்களில் பாதிப் பேரின் மனைவிமாருக்கு உடுப்புத் தைப்பவர் அவர். பெருநாள் தையல் குவிகிற காலத்தில் அவரைக் கோபப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போக எவனுக்குத் துணிச்சல் வரும்?

இப்படியிருக்க, பெருநாள் கழிந்ததும் நகர மண்டபத்தில் எங்கள் படங்களைக் காட்சிக்கு வைப்பதாக முடிவானது. ஆளுக்கு ஒரு படம். ராத்தா கொண்டுவந்தது தன் மகள் பஸ்மினாவின் படம். எட்டு வயதுப் பிள்ளை. சுனாமி ராத்தாவின் வீட்டோடு ஆல்பத்தையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. சின்ன வயதில் தன் முகம் எப்படி இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு படம்கூட இல்லை. மகளுக்கு அந்தக் குறை வரக்கூடாது, ஒரு நல்ல படம் பெரிதாகச் சுவரில் தொங்க வேண்டும் என்றுதான் கணவரிடம் கமெராவே கேட்டிருக்கிறார்.

டிவியில், ஜன்னலோரம் பஸ்மினா நின்றாள். இளநீலச் சட்டை, கழுத்தைச் சுற்றிப் பூவேலை.

"மாஷா அல்லாஹ்" என்றோம் ஒரே குரலில்.

"பிழை?" என்று கேட்டார் ராத்தா.

"பிழை ஒண்டுமில்ல ராத்தா. நல்ல வடிவு" என்றேன்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் தலை நிமிரவில்லை.

"உங்கட படங்கள நான் மெசின் மிதிக்கக்குள்ளயும் யோசிக்கன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "என்ட படத்த ஒத்தரும் பாக்கயும் இல்ல. இது சரியில்ல எண்டு எனக்கே தெரியிது. என்ன பிழை எண்டுதான் விளங்கல்ல. அதக் கேக்கத்தானே இஞ்ச வாறன்? இனி நான் வரல்ல."

கமெராவைத் துவாயில் சுற்றத் தொடங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி, இரிங்க" என்றார் குணம் அண்ணன். "மாஷா அல்லாஹ். ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்படாது. இந்தப் படத்தில உடுப்புத்தான் இருக்கு. புள்ளையக் காணல்ல."

ராத்தா துவாயைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"எப்பிடி?" என்றார் ராத்தா.

"சட்டைட தையல் ஒவ்வொண்டும் தெளிவாத் தெரியிது. முகம் மங்கல். நீங்க உடுப்பத்தான் பார்த்துப் பிடிச்சிருக்கிங்க. புள்ள பாவம், எப்ப முடியும் எண்டு நிக்கிது."

நான் முகத்தைப் பெரிதாக்கினேன். பஸ்மினா கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சட்டை கசங்கிவிடாமல் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அண்ணனின் மாடெல்லாம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடித்தவருக்குத் தன் வீட்டுப் பிள்ளையின் முகம் தப்பிவிட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

ராத்தா டிவிக்குக் கிட்டப் போய் நின்றார். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மடிப்பச் சரி செய்யிறதும் எடுக்கிறதுமா நிண்டன்" என்றார் மெதுவாக. "புள்ள என்னமோ செல்லிக்கிட்டே நிண்டா. என்ன செல்லினா எண்டு எனக்கு ஞாபகமில்ல அண்ணன்."

ராத்தா துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். "திருத்துற வழியச் செல்லுங்க. சட்டம்தானே?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "கமெராவ வெச்சிட்டு முதல்ல புள்ளையோட கதையுங்க. அவ கதைச்சி முடியுமட்டும் உடுப்பத் தொடாதீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் வந்தது. பஸ்மினா கிணற்றுக் கட்டருகே குந்தியிருந்து உப்பும் தூளும் தொட்டு மாங்காய் தின்கிறாள். வாய் நிறைய மாங்காயோடு ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அதே இளநீலச் சட்டைதான், மடியில் மிளகாய்த்தூள் கறை. அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்களும் சிரித்துவிட்டோம். எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

குணம் அண்ணன்தான் முதலில் சுதாரித்தார். இப்போது அவருக்குத் துணிச்சல் வந்திருந்தது. எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். "தங்கச்சி, சட்டைக் கைப்பக்கம் நூலொண்டு தொங்குது."

"நானும் கண்டன்" என்றார் ராத்தா. "கத்திரிக்கோல் எடுக்கப் போனா புள்ள கதைக்கிறத நிப்பாட்டிருவா எண்டு விட்டுட்டன்."